வெர்னர் இரண்டாம் முறை கேட்கவில்லை

முன்பின் தெரியாத ஒரு தடியன் வந்து, நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேஜையை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, நம் பக்கத்திலேயே பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்து, தன் பீர்க் குவளையை என் தட்டுக்கு ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, தன் கூட்டாளியோடு பேச ஆரம்பித்தான். எதிரே இருந்த வெர்னர் சார், "இங்கே இதுதான் வழக்கம். பீர் கார்டனில் மேஜை யாருக்கும் சொந்தமில்லை" என்றார். துபாயில் இருக்கிறோம், ஜெர்மனி வழக்கத்தில் உட்காருகிறோம், பரிமாறுகிறவள் பிலிப்பைன்ஸ்காரி. அவளுக்குப் பூப்போட்ட பாவாடை, கொசுவம் வைத்த வெள்ளைச் சட்டை, இடுப்பில் முன்துணி எல்லாம் போட்டு ஜெர்மன் கிராமத்துப் பெண்ணாக மாற்றி நிறுத்தியிருந்தார்கள். பாவம், அந்தச் சட்டை அவளுக்குக் கழுத்தில் அரிக்கிறது போல, நொடிக்கொருமுறை சொறிந்துகொண்டே இருந்தாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். டிசம்பர் மாதம் என்பதால் வெளியே உட்கார முடிந்தது. ஹோட்டலுக்குப் பின்னால் மரங்களுக்கு அடியில் நீள நீளமான மர பெஞ்சுகள், நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட மேஜைத்துணி. மதிலுக்கு அந்தப் பக்கம் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையும் லீவு இல்லாத நம் ஆட்கள் யாரோ அங்கே கம்பியைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம் உட்கார்ந்து தின்பதற்கு எனக்கு என்னவோ போலத்தான் இருந்தது. ஆனால் வந்த காரியம் வேறு, அதனால் பேசாமல் இருந்தேன்.

காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மோகன் ஒரு ஜெர்மன் பம்ப் கம்பெனியில் டெக்னீஷியன். அவருடைய மேனேஜர் வெர்னர் சார், மாதக் கடைசியில் ஊரோடு திரும்பிப் போகிறார். போவதற்கு முன் ஒருவரை சவுதியில் இருக்கும் ஜுபைலுக்கு அனுப்ப வேண்டும், ஒருவரை துபாய் வொர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராகப் போட வேண்டும். இரண்டுக்கும் இவர் பெயர் அடிபடுகிறது என்று ஆபீஸில் பேச்சு. ஜுபைல் என்றால் கேம்ப், குடும்பத்துக்கு விசா கிடையாது. நானும் பாப்பாவும் மூட்டையைக் கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய்விட வேண்டியதுதான். துபாய் என்றால் மூன்று பேரும் ஒரே வீட்டில். தேரா பகுதியில் ஒற்றை அறை, பக்கத்துக் குடும்பத்தோடு பொதுச் சமையலறை, ஆனாலும் வீடு. இந்த நிலைமையில் அவர் எங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்றால் சும்மா கூப்பிடுவாரா? பாப்பாவைப் பக்கத்து அறை சேச்சியிடம் விட்டுவிட்டு, கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஜுபைல் எனக்குப் புதிதில்லை. கல்யாணமான புதிதில் அவர் அங்கேதான் இருந்தார். பாப்பா பிறந்தபோது போனில் அவள் அழுகையைக் கேட்டார், அவ்வளவுதான். முதன்முதலாக அவர் அவளைப் பார்த்தபோது அவள் நடக்கவும் பேசவும் ஆரம்பித்திருந்தாள். "அப்பா பாருடி, அப்பா" என்று நான் காட்ட, அவள் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "மாமாவைப் போகச் சொல்லு" என்றாள். அவர் வாங்கி வந்த பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இன்னொரு தடவை அது நடக்க விடமாட்டேன் என்று அந்த ஹோட்டல் வாசலிலேயே நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கேட்டாலும் முதலில் "வேண்டாம்". வியாதி என்று சொல்கிறேனே தவிர, ஊரில் அதற்குப் பெயர் நல்ல வளர்ப்பு. நீட்டின உடனே வாங்கிக்கொண்டால் அலையறான் என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜித் தட்டை நீட்டினார்கள். வேண்டாம் என்றார். என் சித்தப்பா, "அட, எடுத்துக்குங்க மாப்ளே" என்றார். இல்லைங்க, இப்பத்தான் சாப்பிட்டோம் என்றார். மூன்றாவது தடவை சித்தப்பா தட்டைக் கையிலேயே திணித்தார். அப்புறம் பார்த்தால் தட்டு காலி. உள்ளே இருந்து எட்டிப் பார்த்த எங்கள் வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளை தங்கமான பையன் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

வெர்னர் சார் உட்கார்ந்ததுமே, "மோகன், பீர்?" என்று கேட்டார். "நோ சார், நோ சார்." வியாழக்கிழமையானால் கூட்டாளிகள் ரூமுக்குப் போய் என்ன செய்துவிட்டு வருகிறார் என்று எனக்குத் தெரியாதா? பெரியவர் முன்னால் மரியாதை. சரி, அதுகூட ஒரு வகையில் நியாயம். வெர்னர் சார் "ஓகே" என்று இவருக்கும் எனக்கும் ஆரஞ்சு ஜூஸ் சொல்லிவிட்டார். முறுக்கை யாரோ பூதத்துக்குச் சுட்டது போல பிரெட்சல் என்று ஒரு ரொட்டி வந்தது, மேலே கல் உப்பு. புளிக்க வைத்த முட்டைக்கோஸ் ஒரு வாய் வைத்தேன், ஊசிப்போனது என்றே நினைத்தேன், முழுங்கிவிட்டேன். தட்டிப் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் நன்றாகவே இருந்தன. அந்த உருளைக்கிழங்கை இவர் வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்த வெர்னர் சார், "இன்னும் கொஞ்சம்?" என்றார். "நோ சார், ஃபுல் சார்." பாவாடைக்காரி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவர் கண் அந்தக் கிண்ணம் பின்னாலேயே போனது. எனக்கு அப்போதே மனசுக்குள் திக்கென்றது.

பிறகு வெர்னர் சார் வாயைத் துடைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "மோகன், வொர்க்‌ஷாப் சூப்பர்வைசர் வேலை இருக்கிறது. துபாயிலேயே. உங்களுக்கு வேண்டுமா?"

ஐயோ, கடவுளே என்று நான் ஜூஸ் கிளாஸைப் பிடித்துக்கொண்டேன்.

"நோ நோ சார்," என்றார் என் வீட்டுக்காரர், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. "நான் எங்கே சார்! சீனியர்கள் இருக்காங்க சார். நீங்க பார்த்து எது செஞ்சாலும் சரி சார்." முகம் முழுக்கச் சிரிப்பு, தலை இரண்டு பக்கமும் ஆடுகிறது.

வெர்னர் சார் தலையை ஆட்டினார். "ஓகே. வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. அப்படியானால் நீங்கள் ஜுபைல்" என்றார். சொல்லிவிட்டு பீரை ஒரு வாய் குடித்து, ஊரில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் மரம் இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் மேஜைக்கு அடியில் என் வீட்டுக்காரர் தொடையைக் கிள்ளினேன். "என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"இருடி," என்றார் உதட்டை அசைக்காமல். "இன்னொரு தடவை கேப்பாரு."

"அவரு ஆப்பிள் மரத்துக்குப் போயிட்டாருங்க!"

"கேப்பாருடி. எடுத்த எடுப்புல ஆமான்னா நல்லாவா இருக்கும்?"

ஆப்பிள் மரம் முடிந்து வெர்னர் சார் பெண்ணின் கல்யாணம் வந்தது. அதுவும் முடிந்து பக்கத்துத் தடியனோடு கால்பந்து பேசினார். என் வீட்டுக்காரர் முதுகை நிமிர்த்தி, கேட்டால் சொல்வதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். நேரம் ஆக ஆக அவர் சிரிப்பு சிறுத்துக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். அவர் மேல் கோபம் ஒரு பக்கம், இந்த வெள்ளைக்கார மனுஷன் மேல் ஆத்திரம் ஒரு பக்கம். ஒரு பேச்சுக்குக்கூட "நிஜமாகவா, மோகன்?" என்று கேட்க மாட்டாரா? நம் ஊரில் டீக்கடைக்காரன்கூடக் கேட்பானே! வெர்னர் சார் பில்லுக்குக் கையைத் தூக்கினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சார்," என்றேன். நான் தமிழ் மீடியம் பி.காம், என் இங்கிலீஷ் அவ்வளவுதான். "ஹி வான்ட், சார்."

அவர் திரும்பினார். "வாட்?"

"துபாய் ஜாப். ஹி செட் நோ. பட் ஹி வான்ட்."

"அவர் வேண்டாம் என்றாரே?"

"ஃபர்ஸ்ட் டைம் நோ சார். இன் அவர் பிளேஸ், ஃபர்ஸ்ட் டைம் எவ்ரிபடி நோ. செகண்ட் டைம் ஆல்சோ நோ. தேர்ட் டைம் ஒன்லி யெஸ்." நான் இவரைக் கையால் காட்டினேன். "யூ டிட் நாட் ஆஸ்க் சார். ஹி இஸ் வெயிட்டிங்."

"சும்மா இருடி," என்றார் இவர். காதெல்லாம் சிவந்துவிட்டது.

வெர்னர் சார் சிரிக்கவில்லை. என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மோகன், நீங்கள் வேண்டாம் என்றால் நான் நம்பித்தான் ஆக வேண்டும். மறுபடி கேட்டால் உங்களைப் பொய்யர் என்று சொல்வது போல ஆகாதா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படி ஒரு மரியாதை உலகத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. "இப்போது நீங்களே சொல்லுங்கள். உங்கள் மனைவி அல்ல."

என் வீட்டுக்காரர் கட்டம்போட்ட துணியில் இருந்த சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். நெற்றியில் வேர்வை. கடைசியில், "யெஸ் சார். ஐ வான்ட்" என்றார். அந்தச் சின்ன வார்த்தையை அவர் சொன்ன குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "குட்" என்று வெர்னர் சார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வேலை கிடைத்தது. டாக்ஸியில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தேரா கிளாக் டவர் வந்ததும், "பிச்சை கேக்குற மாதிரி கேக்க வெச்சிட்டியே" என்றார். "ஆமா, கேக்க வெச்சேன். பாப்பா உங்கள மறுபடி மாமான்னு கூப்பிடணுமா?" என்றேன். டிரைவர் ஒரு பட்டாணியர், கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "க்யா ஹுவா பாய்?" என்று இந்தியில் என்ன ஆச்சென்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒன்றுமில்லை என்றோம். இவர் சமாதானமாக ஒரு வாரம் ஆனது.

அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் நாங்கள் மாறித்தான் போனோம். இவர் இப்போது கேட்ட உடனே யெஸ், நோ என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறார். பாப்பா "நோ தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டால் அதோடு சரி, இரண்டாம் முறை கேட்டால், "ஐ ஆல்ரெடி செட் நோ, அம்மா" என்று முறைக்கிறாள். நானும் அப்படித்தான் ஆகியிருக்கிறேன் போல. அது எனக்குப் போன லீவில்தான் தெரிந்தது.

ஒவ்வொரு வருஷமும் லீவு முடிந்து புதுக்கோட்டையிலிருந்து கிளம்புகிற அன்றைக்கு அம்மா ஒரு கூத்து நடத்துவாள். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்டி." முடியாதும்மா என்பேன். அரை மணிக்கொரு தடவை கேட்பாள், அழுவாள், ஒரு வருஷம் என் செருப்பை எடுத்து ஒளித்தே வைத்துவிட்டாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவள் கேட்டுக் கேட்டு நான் இரண்டு தடவை டிக்கெட்டை மாற்றியும் இருக்கிறேன். இந்தத் தடவை பெட்டியை மூடும்போது கேட்டாள்: "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறியா?"

"இல்லம்மா. அவருக்கு ட்யூட்டி, பாப்பாவுக்கு ஸ்கூல்."

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குள் போனாள். நான் பெட்டியின் ஜிப்பைப் பிடித்தபடி காத்திருந்தேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. தம்பிதான் சொன்னான், "நான்தான்க்கா அம்மாகிட்ட சொல்லி வெச்சேன். அக்கா முடியாதுன்னா முடியாதுதான், சும்மா நச்சரிக்காதன்னு." நல்ல காரியம் செய்ததுபோல அவன் முகத்தில் ஒரு பெருமை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஓங்கி ஓர் அறை விடலாமா என்றும் இருந்தது.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் வந்தது. இவர் முன்னால் ஏறினார், பாப்பா காதில் எதையோ மாட்டிக்கொண்டாள். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொறுக்க மாட்டாமல், "ஏம்மா, இன்னொரு தடவை கேட்டா என்ன?" என்றேன்.

"என்னத்தடி?"

"இருந்துட்டுப் போன்னு."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "கேட்டா இருப்பியா?" என்றாள்.

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அம்மா கம்பியை விடாமல், வேனோடு கூடவே நடந்து வந்துகொண்டிருந்தாள்.