கண்டக்டர் தூக்கிய கை

போன புதன்கிழமை, சந்தை நாள். நான் கடையில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கீரை விற்கிற முத்துலட்சுமி வாசலில் வந்து நின்று, "யக்கா, கண்டக்டர் போயிட்டாராம்" என்றாள். "எந்தக் கண்டக்டர்?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் கண்டக்டர் என்றால் ஒருவர்தான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம். திண்டுக்கல்லுக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்" என்றாள். கையில் எடுத்த கொக்கியைத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அழுகை வரவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை, அதற்குள் ஆளே போய்விட்டாரே என்றுதான் இருந்தது.

படத்திறப்புக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "நீங்கதான் அவரு கூடக் கூட்டத்துக்கெல்லாம் போனவங்க. நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்கத்தை" என்று அவருடைய மருமகன் கேட்டார். நல்லது எழுத எனக்கு ஒரு தடையும் இல்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் நல்லதை மட்டும் எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றி எழுதியதாகிவிடும். இதைப் படிக்கப்போகிற நீங்கள் எல்லாரும் தங்கராசு அண்ணனை அறிந்தவர்கள். திண்டுக்கல்லுக்கும் எரியோட்டுக்கும் நடுவே அவர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டில் படிக்கப் போனவர்கள், பிரசவத்துக்குப் போனவர்கள், பெண் பார்க்கப் போனவர்கள். உங்களிடம் பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை.

கிராம சபைக்கு என்னை முதலில் இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான். ஓய்வு பெற்ற புதிதில் என் கடைக்குச் சட்டை தைக்கக் கொடுக்க வந்தார். நான் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் புலம்பினேன். "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய தங்கச்சி? நான் என்ன தலைவரா? சுதந்திர தினத்தன்னைக்குச் சபை கூடுது, வந்து கேளு" என்றார். போனேன். ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வருகைக் கையெழுத்தைப் போட்டுவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செயலர் வரவு செலவுக் கணக்கை மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போனார். அண்ணன் எழுந்தார். "தம்பி, ஸ்டாப்புப் பேரைச் சொன்னா வண்டிய நிறுத்தணும்ல? இறங்குற ஆளு இறங்க வேணாமா? இன்னொருக்கா, மெதுவா வாசிங்க." கூட்டம் சிரித்தது, தலைவரும் சிரித்தார். செயலர் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

அன்று நான் எழுந்து, "ஊருக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை" என்றேன். "நடவடிக்கை எடுக்கிறோம்மா" என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன் என்னை ஓட்டு ஓட்டு என்று ஓட்டினார். "மொத்தமாக் கேட்டா மொத்தமாத் தலையாட்டிருவாங்க. தனித்தனியாக் கேளு. எந்தத் தெரு, எந்தப் பைப்பு, எப்ப வருவீங்க, யாரு வருவா. பதில் சொல்ல முடியாமத் திணறணும், அப்பத்தான் வேலை நடக்கும்." அடுத்த சபையில் அப்படியே கேட்டேன். அந்த வாரமே எங்கள் தெருக் குழாய்க்கு ஆள் வந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் எரியாமல் கிடந்த விளக்கையும் அவர் இப்படித்தான் எரிய வைத்தார். எந்தக் கம்பம் என்று செயலரைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டினார்.

டீ விஷயமும் உங்களுக்கு நினைவிருக்கும். சபை நடக்கும்போது பாதியில் டீயும் வடையும் வரும். அண்ணன் தொடமாட்டார். வெயிலில் நாக்கு வறண்டு கிடந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை அந்தக் கப்பைக் கையால் தொடமாட்டார். "வடைய வாயில வச்சுக்கிட்டு எப்படித் தங்கச்சி கேள்வி கேக்குறது?" என்பார். அவரைப் பார்த்து நானும் விட்டேன். முன்வரிசையில் எங்கள் இருவர் நாற்காலிக்கடியில் மட்டும் ஆறிப்போன டீ இருக்கும். தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன ஏழரையோ" என்று முணுமுணுப்பார்.

இனி சந்தைக்கு வருகிறேன். புதன்கிழமை சந்தைக்கு அகரம் பக்கத்திலிருந்து பூ வரும், சுற்றுப்பட்டிலிருந்து காய் வரும். விற்கிறவர்களில் பெண்கள்தான் அதிகம். இருட்டோடு வந்தால் இருட்டோடுதான் போவார்கள். ஆண்களுக்குக் கருவேலங்காடு இருக்கிறது. பெண்களுக்கு ஒதுங்க இடமே கிடையாது. அதனால் சந்தை நாளில் அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. முதல் நாள் ராத்திரியே குறைத்துவிடுவார்கள். என் கடை சந்தைக்கு எதிரே, பின்னால் ஒரு கழிப்பறையோடு இருப்பதால், "செத்த நேரம் உள்ள போயிட்டு வரட்டாக்கா?" என்று ஒவ்வொருத்தியாக வருவார்கள். நான் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு கோடையில் கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்தது. கட்டட உரிமையாளர் வந்து கத்திவிட்டுப் பூட்டுப் போட்டுவிட்டார். அந்தக் கோடையில்தான் முத்துலட்சுமி நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா தண்ணியே குடிக்க மாட்டியா?"

அந்தப் பெண்களில் ஒருவர் அண்ணனின் மனைவி செல்லத்தாய் மதினி. தோட்டத்துக் கத்தரிக்காயைக் கொண்டுவந்து புளியமரத்தடியில் பரப்பி உட்கார்ந்திருப்பார். "எம் பொண்டாட்டியும் அங்கதான உக்காந்திருக்கா? இதை நான் விடமாட்டேன்" என்று அண்ணன் சொன்னார். விடவும் இல்லை. ஒவ்வொரு சபையிலும் கேட்டார். சந்தையில் பெண்கள் கழிப்பறை என்று ஊராட்சித் திட்டத்தில் ஒரு வரி ஏறியது. வருடம் முடியும், கட்டடம் வராது, அடுத்த வருடத் திட்டத்தில் அதே வரி மறுபடி இருக்கும். மறுபடி கேட்பார். இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நான் துரோகம் செய்தவளாவேன். அத்தனை காலம் அவர் உண்மையாகத்தான் கேட்டார்.

பிறகு அந்தக் காந்தி ஜெயந்தி வந்தது. அடுத்த வருடத் திட்டத்தை முடிவு செய்கிற சபை. பொது நிதியில் ஒரு பெரிய வேலைக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்று கழிப்பறை, இல்லையென்றால் ஊர் நுழைவாயிலில் அலங்கார வளைவு. பொங்கலுக்கு முன்னால் தலைவரின் பதவிக்காலம் முடிகிறது. அதற்குள் தன் பெயரைக் கல்லில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. இந்த முறை பெண்களே வந்து கை தூக்கினால்தான் நடக்கும் என்று அண்ணன் சொன்னார். அன்றைக்குப் புதன்கிழமை வேறு. வியாபாரத்தை விட்டுவிட்டு வருகிறோம் என்று எல்லாரும் சம்மதித்தார்கள்.

முதல் நாள் சாயங்காலம் என் கடையில் கூடினோம். முத்துலட்சுமி, தான் ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சபையில் சொல்லப்போவதாகச் சொன்னாள். அண்ணன் கையமர்த்தினார். "நீங்க யாரும் பேச வேணாம். ஆளாளுக்குப் பேசுனா சத்தம் போடுறாங்கன்னு கூட்டத்தைக் கலைச்சுவிட்டுருவாங்க. எல்லாருக்கும் சேத்து நான் பேசுறேன். நான் கையத் தூக்குனதும் நீங்களும் தூக்குங்க. அது போதும்." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அத்தனை பேருக்கும் நம்பிக்கை.

மறுநாள் பெண்கள் கூடைகளைப் பக்கத்துக் கடைக்காரர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு வந்து சாமியானாவின் கடைசியில் நின்றார்கள். மைக் கரகரத்தது. கடைசியில் நிற்பவர்களுக்கு எதுவும் தெளிவாகப் போய்ச் சேராது. முன்வரிசையில் இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அண்ணன் எழுந்து மைக்கை வாங்கி, "நம்ம ஊருக்கு ஒரு முகம் வேணும். வெளியூர்க்காரன் பஸ்ல வரும்போதே இது இன்ன ஊருன்னு தெரியணும். முதல்ல வளைவு வரட்டும். கழிப்பறைய அடுத்ததாப் பாத்துக்கலாம்னு பெண்களும் சம்மதிச்சிருக்காங்க" என்றார். சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார்.

நான் பதறி எழுந்து திரும்பிப் பார்த்தேன். கடைசியில் நின்ற அத்தனை கையும் மேலே இருந்தது. அவர் கை தூக்கியதைப் பார்த்து, சொன்ன சொல் தவறாமல் தூக்கியிருந்தார்கள். முத்துலட்சுமி இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். மதினியின் கையும் இருந்தது. "ஐயோ, இது வளைவுக்கு, கையை இறக்குங்க" என்று கத்தினேன். செயலர், "அதான் எல்லாரும் தூக்கிட்டாங்களேம்மா, உக்காருங்க" என்றார். ஏகமனதாக என்று எழுதிவிட்டார்கள். அதற்குள் டீ வந்துவிட்டது. அண்ணன் ஒரு கப்பை எடுத்துக் குடித்தார்.

சபை முடிந்ததும் முத்துலட்சுமி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பக்கா கட்ட ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டாள். அந்த முகத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மதினி மிச்சக் கத்தரிக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அதற்குள் தெரிந்துபோயிருந்தது. "ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?" என்றேன். அண்ணன் சொன்னார். "முந்தாநாளு தலைவர் வீடு தேடி வந்தாரு தங்கச்சி. சர்வீஸ் பூராம் நின்னுக்கிட்டே வந்தவன் நானு. ஒருத்தரும் உக்காருங்கன்னு சொன்னதில்ல. அவரு எந்தோள்ல கையப் போட்டு, அண்ணே நீங்கதான் விழாக்குழுத் தலைவரு, உங்க பேரும் கல்லுல வருதுன்னாரு. எனக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வரல." நான், "அப்ப முதல் நாள் சாயங்காலம் எங்களப் பேச வேண்டாம்னு சொன்னப்பவே உங்களுக்குத் தெரியும்" என்றேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. "அடுத்த தடவை கண்டிப்பா வாங்கித் தாரேன்" என்றார். இனிமேல் என் கடைப் படி ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆள் வந்து தோளில் கை போட்டால் மனம் இளகும், அது எனக்குப் புரிகிறது. வளைவு வேண்டும் என்று நினைத்திருந்தால் தனக்காகப் பேசித் தன் கையைத் தூக்கியிருக்கலாம். எங்கள் வாயை அடைத்து, எங்கள் கையையும் சேர்த்துத் தூக்க வைத்தாரே, அதற்குத்தான் எனக்கு இன்றுவரை வயிறு எரிகிறது. வளைவு வந்துவிட்டது, கல்லில் அவர் பெயரும் வந்துவிட்டது. அதன் பிறகு பதவிக்காலம் முடிந்து, இப்போது தலைவரே கிடையாது, தனி அலுவலர்தான். ஒவ்வொரு சபையிலும் நான் எழுந்து கழிப்பறையைக் கேட்கிறேன். அவர்கள் பழைய தீர்மானத்தைப் புரட்டி, "பெண்களே சம்மதிச்சதா இருக்கேம்மா" என்கிறார்கள். அண்ணன் அதற்குப் பிறகு இரண்டொரு சபைக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். முன்வரிசை நாற்காலி என்னுடையது. பதில் வரும்வரை டீ வேண்டாம். மெதுவாக வாசிக்கச் சொல்வேன், தனித்தனியாகக் கேட்பேன். எல்லாருக்கும் சேர்த்து நான் பேசுகிறேன் என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவரோடே அனுப்பிவிட்டேன். வருகிற சபையில் முத்துலட்சுமி தன் காய்ச்சலைத் தானே சொல்லட்டும். பூக்காரியும் காய்க்காரியும் தாங்கள் பட்ட பாட்டைத் தாங்களே சொல்லட்டும். கூட்டத்தைக் கலைத்தால் கலைத்துவிட்டுப் போகட்டும்.

அவர் இறந்த புதன்கிழமை மத்தியானம் நானும் போனேன். படி ஏறாதீர்கள் என்று அவரிடம் சொன்னவள், அவர் வீட்டுப் படியில் ஏறினேன். வளைவில் அவர் படம் போட்ட ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். சந்தைப் பெண்கள் கடையைப் பாதியில் கட்டிவிட்டு வந்திருந்தார்கள். மதினி அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்துக் கிடந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்று மகள் அழுதாள். நான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய், "ஒரு வாய் குடிங்க மதினி" என்று வாயருகே நீட்டினேன். அவர் எங்கேயோ பார்த்தபடி என் கையை விலக்கினார்.

"வேணாந்தாயி. இன்னைக்குச் சந்தை நாளாச்சே."

செம்பை அண்ணனின் தலைமாட்டில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணன் பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன்.