லெந்து நாளில் வெள்ளை லில்லி

என் அக்கா ஜூடித் தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். போலாரத்தில் அவளை எல்லோருக்கும் தெரிந்தது, சர்ச் ஆல்டருக்குப் பூ வைக்கிறவளாகத்தான். சனிக்கிழமைதோறும் பஸ் மாறிக் குடிமல்காபூர் பூச்சந்தைக்குப் போவாள். ஞாயிறு மத்தியானமே பூக்கள் தலை சாய்ந்துவிடும். "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டால், "ஆராதனை நேரம் நல்லா இருந்துச்சுல்லா?" என்பாள்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலத்தில் மட்டும் பூ கிடையாது. ஈஸ்டர் வரை ஆல்டர் வெறுமையாக இருக்க வேண்டும். அதில் அவள் மகா கண்டிப்பு. ஒருமுறை ஆயரின் மனைவி கொண்டுவந்த ரோஜாக்களையே, "நக்கோ, வேண்டாம். ஈஸ்டருக்குக் கொண்டாங்க" என்று வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினாள்.

இந்த வருடம் லெந்தின் நடுவில், நோய் முற்றிவிட்டது, ஈஸ்டர் வரை அவள் தாங்குவது சந்தேகம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. வெளியே பெஞ்சில் அக்கா இருந்தாள். வீடு வரும்வரை வெயிலைப் பற்றியே பேசினாள்.

அடுத்த ஞாயிறு, எனக்குச் சொல்லாமலே ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். நான் பதறிப்போய்ச் சர்ச்சுக்குள் நுழைந்தபோது ஆல்டரில் வெள்ளை லில்லிகள். ஈஸ்டருக்கு வைக்கும் அதே அலங்காரம். எதிரே சபைச் செயலர் ஐசக், முகம் சிவக்க நின்றிருந்தான்.

"அக்கா, லெந்துல பூ கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

"ஆமா."

"ஜனங்க வந்துட்டாங்க. நீங்க எடுக்கீங்களா, நான் எடுக்கவா?"

"கைய வச்சுத்தான் பாரேன்."

அவன் கையை நீட்டினான். அக்கா ஜாடியை இறுகப் பிடித்தாள். தண்ணீர் ஆல்டர் துணியில் சிந்தியது.

"ஐசக், அவளுக்கு இந்த ஈஸ்டர் கிடையாது" என்றேன். 

நான் சாத்திவிட்டு வந்த கதவை வெளியே யாரோ தட்டினார்கள். ஐசக் அக்காவைப் பார்த்தான். பிறகு போய்க் கதவை உள்ளே தாளிட்டு, முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

"அரே, கைக்கு லேட்? ஏன் இன்னும் திறக்கல?" என்று வெளியிலிருந்து ஒரு குரல்.

"மைக் ரிப்பேர்!" என்று கத்தினான் ஐசக்.

அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஜெபித்ததாகத் தெரியவில்லை. பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டல் பலமாகிக்கொண்டே வந்தது. ஐசக்கின் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. ஆனால் அவன் நகரவில்லை.

கடைசியில் அவளே எழுந்து ஜாடியைத் தூக்கிப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வந்தாள். சிந்திய தண்ணீரை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

"இப்பத் தெற. லெந்துல பூ வச்சேன்னு வெளிய மூச்சு விட்டே, தொலைச்சிருவேன்."

ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்பே அக்கா போய்விட்டாள். அடக்க ஆராதனையன்று, ஆல்டரில் பூ வைக்கவா என்று ஐசக் என்னிடம் கேட்டான். வேண்டாம் என்றேன்.