துவாதசிக்கு மறுநாள்

என் மார்புக்குள் ஓர் உலோக வால்வு இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வைத்தார்கள். சின்ன வயதில் முட்டி வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. அது ஓசைப்படாமல் இதயத்தைக் கெடுத்திருக்கிறது. முப்பத்தாறு வயதில், மயிலாப்பூர்க் குளத்தை ஒரு பக்கம் நடந்து கடப்பதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சுருங்கிப்போன பழைய வால்வை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள். அது டிக் டிக்கென்று சத்தம் போடும். பரீட்சை நேரத்தில் வகுப்பு அமைதியாக இருந்தால் முதல் பெஞ்சுக்குக் கேட்கும். "மிஸ், உங்க வாட்ச் ரொம்ப சத்தமா ஓடறது" என்றாள் ஒருத்தி. "நின்னுபோனா சொல்லு, இப்போ கணக்கைப் போடு" என்றேன். நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர்.

வால்வு வைத்தாயிற்று, தொல்லை விட்டது என்று நினைத்தேன். விடவில்லை. உலோகத்தின் மேல் ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க ஆயுசு முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். அது கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் உறையும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாதம் ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பார்கள். அதில் வரும் எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் எல்லோரும் அதை 'நம்பர்' என்றுதான் சொல்வோம்.

என் நம்பர் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு மாதம் ஒன்றரைக்கு இறங்கும், மாத்திரையைக் கூட்டுவார்கள். அடுத்த மாதம் ஐந்துக்கு ஏறும், பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வரும், மேஜையில் லேசாக இடித்துக்கொண்டாலே கை நீலமாகும். உடனே குறைப்பார்கள். மறுபடி இறங்கும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். நாற்பது பெண்களை வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று தினம் திட்டுகிறவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓர் ஐப்பசி மாதம், கரும்பலகையில் வட்டம் வரைந்துகொண்டிருந்தபோது சாக்பீஸ் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடி விழுந்தது. வலது கை விரல்கள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. "ஆரம்" என்று சொல்ல வந்தேன், வாய் குழறியது. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் பிள்ளைகள் முகத்தில் பார்த்த பயத்தை நான் மறக்கவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அன்று என் நம்பர் ஒன்றரை. ஒரு சின்னக் கட்டி மூளைக்குப் போய்க் கரைந்திருக்கும் என்றார் டாக்டர். அவர் இளவயதுப் பெண். எங்களைப் போல வால்வு வைத்தவர்களுக்கு நம்பர் ஏன் இப்படி ஆடுகிறது என்று அந்த வருஷம் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சுற்றிவளைக்காமல் பேசுவார். "டீச்சர், இந்தத் தடவை கரைஞ்சிடுச்சு. அடுத்த தடவை கரையும்னு என்னால சொல்ல முடியாது. கட்டி வால்வுலயே உக்காந்துட்டா மறுபடி நெஞ்சைத் திறக்கணும். எதனால ஆடுதுன்னு கண்டுபிடிச்சே ஆகணும்" என்றார்.

"கண்டுபிடிக்கிறேன்" என்றேன், ஏதோ எனக்கு வைத்த பரீட்சை போல.

அவருடைய ஆராய்ச்சிக்கு ஒரு படிவம் உண்டு. தமிழிலேயே அச்சடித்திருந்தார்கள். என்னென்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை தடவை, மாத்திரையை எத்தனை மணிக்கு. அதில் ஒரு கேள்வி: கீரை சாப்பிடுவதுண்டா? கீரையில் இருக்கும் ஒரு சத்து இந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்று ஆபரேஷன் முடிந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே எங்கள் வீட்டில் கீரைக்குத் தடை போட்டாயிற்று. முருங்கைக்கீரை, அரைக்கீரை, முளைக்கீரை எதுவும் வாசற்படி ஏறாது. 'இல்லை' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டேன்.

அந்தப் புதன்கிழமை வரிசைகளில் என் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு மீன்காரப் பெண் உட்கார்ந்திருப்பாள். பெசன்ட் நகர் பக்கத்துக் குப்பம். எனக்கு வைத்த அதே வருஷம், அதே சர்ஜன் கையால், அவளுக்கும் அதே வால்வு. அதே மாத்திரைதான். அவள் நம்பர் மாதா மாதம் மூன்றிலேயே நிற்கும்.

"இன்னா டீச்சரம்மா, உன் நம்பரு இன்னும் ஏறி எறங்கிக்கினே கீதா?" என்று கேட்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"நீ என்னம்மா சாப்பிடறே?"

"டெய்லி ஒரே மாரிதான். சோறு, மீன் கொயம்பு. கீரைல்லாம் கிட்டவே சேக்கறதில்ல. போன ஆடில மட்டும் ஒரு வாட்டி எறங்கிப் பூட்ச்சு. மாத்திரய முழுங்கலன்னு நர்சம்மா ஒரே கத்து. நான் முழுங்குனேன்மா. பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப்போவுது?" அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் வாடிப்போகும்.

மாதம் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு எந்தக் கோட்டையும் வரைய முடியாது. எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பரிசோதனை நிலையத்தில் வாரம் இரண்டு தடவை ரத்தம் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே பஸ் ஏறுவேன். இரண்டு முழங்கை மடிப்பும் கறுத்துப்போயின. ரத்தம் எடுக்கிற பெண் என்னைப் பார்த்தாலே ஊசியை எங்கே குத்துவது என்று தேட ஆரம்பிப்பாள். தேடு, இடம் கிடைக்கும் என்பேன்.

மூன்று மாதப் புள்ளிகளை வரைபடத்தாளில் வைத்து இணைத்தபோது, கோடு பதினாலு பதினைந்து நாளைக்கு ஒரு முறை தொபுக்கென்று கீழே விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். காரணமும் உடனே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் பள்ளியில் இரண்டு வாரத்துக்கு ஒரு தேர்வு வைப்போம். விடைத்தாள் திருத்துகிற டென்ஷன்தான் என்று முடிவு கட்டினேன். ஆனால் தேர்வு எப்போதும் திங்கட்கிழமை. பள்ளமோ ஒரு தரம் வியாழன், ஒரு தரம் வெள்ளி, அப்புறம் சனி என்று நழுவிக்கொண்டே போனது. பொருந்தாததைப் பொருத்திப் பார்த்து ஒரு மாதம் வீணடித்தேன்.

என் மாமியாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று, தியேட்டர் வாசலில் நின்று அவர் ஒரு வேண்டுதல் செய்துகொண்டார். நான் பிழைத்து எழுந்தால், நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறவரை ஏகாதசி தோறும் விரதம் இருக்கிறோம் என்று. என்னைக் கேட்காமல் என் வயிற்றை அடகு வைத்துவிட்டார் என்று கேலி செய்தாலும், பிழைத்து வந்தவள் என்பதால் ஒரு ஏகாதசியையும் நான் விட்டதில்லை. முதல் நாள் ஒரு தம்ளர் பால், இரண்டு பழம். மறுநாள் துவாதசி, காலையில் பாரணை. விரதம் முடித்துச் சாப்பிடும் அந்த இலையில் நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய், அகத்திக்கீரை மூன்றும் இல்லாமல் இருக்காது. எங்கள் வீடுகளில் அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. அது விரதத்தில் சேர்ந்தது.

மாசி மாதத்து ஏகாதசி அன்று சாயங்காலம். மாமியார் கூடத்தில் உட்கார்ந்து மறுநாளைக்கு அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரே தரையில் வரைபடத்தாளை விரித்துப் போட்டு அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் தேதிகள் அவர் தலையில் ஏறாது. எந்த நாளாக இருந்தாலும் திதியாக மாற்றினால்தான் அவருக்கு அது நாள்.

"எந்தெந்த நாள் விழறது? சொல்லேன்" என்றார்.

முதல் பள்ளத்தின் தேதியைச் சொன்னேன். பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். "துவாதசிக்கு மறுநாள்."

அடுத்ததைச் சொன்னேன். "இதுவும் துவாதசிக்கு மறுநாள்."

மூன்றாவதைச் சொன்னேன். இந்தத் தடவை அவர் பஞ்சாங்கத்தைப் பார்க்கவே இல்லை. கை நின்றுபோயிருந்தது. விரல்களுக்கு நடுவில் ஓர் ஈர்க்கு, அதில் பாதி உருவிய அகத்தி இலை.

"சாக்பீஸ் விழுந்துதே, அது என்னிக்கு?"

அந்தத் தேதி எனக்கு மனப்பாடம். சொன்னேன்.

"ஐப்பசி துவாதசிக்கு மறுநாள்டீ அது" என்றார். பிறகு மெதுவாக, "அகத்தி மருந்தை முறிக்கும்னு எங்காத்துல சொல்வா. நாட்டு மருந்தைத்தான்னு நெனச்சுண்டிருந்தேன். உனக்கு எப்பவும் ரெண்டு கரண்டி கூடப் போடுவேன், ஒடம்பு தேறட்டும்னு. நான்தானே போட்டேன்" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அவர் மேல் இல்லை, என் மேல். வாரம் இரண்டு முறை ஊசி குத்திக்கொண்டு, கோடு போட்டு, தேர்வு, டென்ஷன் என்று ஊரெல்லாம் தேடியவள், பதினைந்து நாளைக்கு ஒரு முறை என் இலையில் பச்சையாகக் குவிந்திருந்ததைப் பார்க்கவில்லை. அப்புறம் அவர் அழுவதைப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். கீரையைத் தள்ளி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வேண்டுதலை விட்டுடறேன்" என்றார்.

"விட வேண்டாம். முதல்ல டாக்டரைக் கேப்போம். ஒரு சந்தேகத்தை வெச்சுண்டு முடிவு எழுதக் கூடாது" என்றேன்.

மறுநாள் துவாதசிக்கு என் இலையில் கீரை இல்லை. அதற்கு மறுநாள் ரத்தம் கொடுத்தேன். பள்ளம் விழவில்லை. அடுத்த துவாதசிக்கும் விழவில்லை.

அடுத்து வந்த ஆஸ்பத்திரிப் புதன்கிழமைக்கு மாமியார் தானும் வருவேன் என்று ஒன்பது கஜத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். டாக்டர் வரைபடத்தை மேஜையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். மாமியாரால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா டாக்டர், இத்தனை கேள்வி அச்சடிச்சிருக்கியே, விரதத்தன்னிக்கு என்ன சாப்பிடறேள்னு ஒரு வரி கேக்கப்படாதோ? எங்களுக்கு அது சாப்பாடுன்னே தோணாதே."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கும் தோணலை மாமி" என்றார். அப்புறம் விளக்கினார். கீரை விஷமில்லை. ஒரு நாள் பட்டினி, மறுநாள் குவியலாகக் கீரை என்று ஏற்றி இறக்குவதுதான் ஆபத்து. தினமும் ஒரே அளவில் கொஞ்சம் சாப்பிட்டால், அந்த அளவுக்குத் தக்கபடி மாத்திரையை வைத்துக்கொள்ளலாம். பட்டினியும் கூடாது, ஏகாதசி அன்று பலகாரமாவது சாப்பிட வேண்டும் என்றார். மாமியார் அதற்கும் பஞ்சாங்கக்காரரைப் போல நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

அன்றிலிருந்து எங்கள் சமையலறையில் ஒரு கரண்டி தனியாகத் தொங்கியது. தினமும் அந்தக் கரண்டியால் ஒரு கரண்டி கீரை. ஏகாதசியானாலும் தீபாவளியானாலும் அதே ஒன்று. துவாதசி அன்று அது அகத்தியாக இருக்கும், அவ்வளவுதான். நான் கேட்டால்கூட இரண்டாவது கரண்டி விழாது. வேண்டுதல் பிழைத்தது. மூன்று மாதத்தில் என் கோடு ஏறக்குறைய நேராகிவிட்டது.

அடுத்த ஆடி மாதப் புதன்கிழமைக்குப் போனபோது புதிய படிவம் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது: விரதம், திருவிழா நாட்களில் என்ன சாப்பிடுவீர்கள்? அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் மீன்காரப் பெண். அவளுக்கு எழுதத் தெரியாது, அவளுடையதை நான் நிரப்பினேன். அந்த வரியைப் படித்துக் காட்டியதும் யோசித்தாள்.

"விரதம்லாம் ஒண்ணும் கெடியாது. ஆடில அம்மனுக்குக் கூழு ஊத்துவோம். அது சாமிக்கு ஊத்துறது. அத்தப் போயி சாப்பாட்டுல சேக்கலாமா?"

"கூழோட என்ன தருவா?"

"கருவாட்டுக் கொயம்பு, முருங்கக்கீர. எங்க தெருவு, பக்கத்துத் தெருவு, அம்மா ஊட்டாண்ட, எல்லாக் கோயில்லயும் ஊத்துவாங்கோ. வோணாம்னு சொல்லக் கூடாது, நெறையா…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். நானும் பேனாவை நிறுத்தினேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இந்த வருஷம் ஊத்தியாச்சா?" என்று கேட்டேன்.

"வர ஞாயித்துக்கெயமதான்."

"கூழைக் குடி. கீரையை வாங்கி யார்கிட்டயாவது கொடுத்துடு. இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லு. நானும் கூட வரேன்."

தலையாட்டினாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்களுக்கு முன்னால் வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் அவள் படிவத்தில் அந்த வரிக்கு நேரே 'ஆடிக்கூழ், முருங்கைக்கீரை, நிறைய' என்று எழுதினேன். அவள் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் மாத்திரய முழுங்குனேன்றது நெசந்தான், இல்ல?" என்றாள்.

"நிஜம்தான்" என்றேன். "அதையும் எழுதறேன்."