பால்சுறாவும் பன்றிக்காலும்

என் மகளுக்கு என் பால் போதவில்லை. கிளினிக் தாதி அவளைத் தராசில் கிடத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த கிழமையும் நிறை ஏறாவிட்டால் போத்தல் பால்தான் என்று சொல்லி, மாப்பால் டின் ஒன்றையும் என் கையில் திணித்தாள். வெளியே வந்ததும் கணவர், "அவை படிச்சவை, சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் நான் இருக்க, இவர்கள் யார் முடிவு சொல்ல?

அது எண்பதுகளின் நடுப்பகுதி. நாடு விட்டு வந்து, மெரிலேண்ட்ஸ் புறநகரில் சின்ன வீடு. பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகக் கணவரின் அக்கா, என் மச்சாள், மெல்பேர்னிலிருந்து வந்திருந்தார். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறா கொடுப்பார்கள். சின்னச் சுறாவை அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவோடு வறுத்தெடுக்கும் வறை. இங்குள்ள மீன்கடைகளில் முழுச்சுறா கிடையாது.

"கப்ரமாட்டாவிலை சீன ஆக்களின்ர சந்தையிலை கிடக்குமாம். ஆனா நீ போகேலாது, பிள்ளை பெத்த துடக்கு. முப்பத்தொண்டு நாள் கழிய முன்னம் கிளினிக்குக்குத் தவிர படி தாண்டக்கூடாது" என்றார் மச்சாள்.

அவரின் தம்பியை, என் கணவரை, அனுப்பலாமே என்றால், அவருக்கு மீன் மணம் ஒத்துக்கொள்ளாதாம். ஆகப் பிள்ளை மெலியலாம், சம்பிரதாயம் மட்டும் மெலியக்கூடாது!

மறுநாள் மச்சாள் குளிக்கப் போன நேரம், பிள்ளையைத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். துடக்காவது மண்ணாங்கட்டியாவது!

சந்தையில் தொட்டிக்குள் மீன்கள் துள்ளின. கொக்கிகளில் வாத்துகள் தொங்கின. எல்லோரும் சீனத்தில் கத்தினார்கள், யாரும் எனக்காக ஆங்கிலத்துக்கு மாறவில்லை. அங்கே நான் சுத்தமான வெளிநாட்டுக்காரி. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரரும் அப்படித்தான் முழித்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மீன்காரரிடம், "மில்க் ஷார்க்?" என்று கேட்டேன். பால்சுறாவுக்கு வேறு என்ன இங்கிலீசு?

அவர் தெருவுக்கு அப்பால் இருந்த கடையைக் காட்டினார். "மில்க், தேர்."

"மில்க் இல்லை, மில்க் ஷார்க்!" கையை மீன் வால்போல ஆட்டிக் காட்டினேன். அவர் இன்னும் உரத்து, "மில்க், தேர்!" என்றார்.

அந்த நேரம் பிள்ளை வீரிட்டது. உள்ளேயிருந்து அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பிள்ளையைப் பார்த்தார், என் நெஞ்சைப் பார்த்தார். "நோ மில்க்?" என்றார். தலையாட்டினேன். வெட்கப்பட எனக்கு நேரமில்லை.

ஐஸுக்குள் கிடந்த சின்னச் சுறாவை நானே கண்டுபிடித்துத் தூக்கினேன். அந்த அம்மா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, அடுத்த கடையிலிருந்து பன்றிக்கால் ஒன்றைக் கொண்டுவந்து, என் நெஞ்சைக் காட்டி "மில்க், மில்க்" என்றபடி என் பையில் போட்டார். இஞ்சியும் போட்டார். நான் பன்றிக்காலை எடுத்து வெளியே வைத்தேன். திரும்பப் போட்டார். நான் சுறாவின் வாலைப் பிடித்தேன், அவர் தலையைப் பிடித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, ஆனாலும் இரண்டு பேரும் வாய் ஓயவில்லை. சண்டை என் பிள்ளைக்காகத்தான் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. தாதி இந்த அக்கறையில் கால்வாசியாவது காட்டினாளா? இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் மச்சாள் நின்றார். பையைத் திறந்ததும் அலறினார். "ஐயோ, துடக்கோடை போனதும் போதாமல் பண்டியோ? என்ர சட்டியிலையோ?"

"சட்டியை வேணுமெண்டால் எறியுங்கோ, மச்சாள். எனக்குப் பால் வேணும்."

சுறாவை வறுத்தேன், பன்றிக்காலை இஞ்சி போட்டு அவித்தேன். அதுவரை பன்றியை வாயில் வைத்தவளில்லை. மச்சாள் பார்த்துக்கொண்டிருக்க, சூப்பின் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அடுத்த கிழமை தராசைப் பார்த்த தாதியின் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா, மாப்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொண்டுவிட்டது" என்றாள். அந்த டின்னை நான் திறக்கவேயில்லை.

பிள்ளை பசியில் சிணுங்கியது. சிணுங்கல் கேட்டதுமே என் சட்டையின் முன்னால் இரண்டு பக்கமும் பால் கசிந்து படர்ந்தது. கணவர் பதறி, தன் கோட்டைக் கழற்றி நீட்டினார். "மூடும், மூடும். ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்" என்றேன்.