இரண்டு சுற்றுப் பூத்துணி

செயற்கைக் கால் செய்யும் எங்கள் பட்டறை கிளிநொச்சியில் இருக்கிறது. செய்யும் ஒவ்வொரு காலுக்கும் என் கொப்பியில் ஒரு பக்கம் உண்டு: எந்தத் துணி, எத்தனை சுற்று, எது உள்ளே, எது வெளியே. எழுதியதை அடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஒரேயொரு பக்கத்தில் மட்டும் ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கிறது.

அது துணுக்காயிலிருந்து வந்த ஓர் அக்காவின் பக்கம். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மிஞ்சிய கால் போய் உட்காரும் கிண்ணத்தைச் சொக்கெற் என்போம். வயல் வரம்பில் வழுக்கி விழுந்ததில் அவருடைய பழைய சொக்கெற் வெடித்துவிட்டது.

"மூண்டு கிழமையா வீட்டுக்குள்ளயே கிடக்கிறன், தம்பி. கோழிகளுக்கே என்னைப் பார்த்து அலுத்துப் போச்சு" என்றார். ஒரு சீலைத்துண்டை நீட்டினார். நீலத்தில் சின்ன மஞ்சள் பூ, வழுவழுப்பான பொலியெஸ்டர். "மேல இதைப் போட்டு விடுங்கோ. கறுப்புத் தெரியக்கூடாது. பாரமும் வேண்டாம். பழசு அம்மிக்கல்லு."

அவருடைய காலுக்கு அச்செடுத்து வார்த்த பிளாஸ்ரர் உருவத்தின் மேல்தான் துணிகளை அடுக்குவோம். பின்னல் நைலோன், காபன் துணி, மறுபடி பின்னல், மறுபடி காபன், அதன் மேல் பின்னல். கறுப்பான காபன் பலத்துக்கு. பின்னல் வெறும் தடிப்புக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாரம் குறையட்டும் என்று, காபன்களுக்கு நடுவிலும் மேலேயும் வரும் பின்னலை எடுத்துவிட்டு, கொப்பியிலும் அந்த வரியை அடித்தேன். கறுப்பை மறைக்கச் சீலைத்துண்டை இரண்டு சுற்றாகப் போட்டேன்.

எல்லாவற்றையும் பிளாஸ்ரிக் உறையால் மூடி, காற்றை உறிஞ்சும் பம்பியைப் போட்டு, துணியில் ஊறி இறுகும் ரெசின் பசையை மேலிருந்து ஊற்றினேன். இறுகவைக்கும் மருந்து கலந்தாயிற்று. இனி ஏறக்குறைய பதினைந்து நிமிடம். அதற்குள் ரெசின் அடிவரை இறங்க வேண்டும்.

பாதிவரை இறங்கி, முழங்கால் சில்லுக்குக் கீழே, உடம்பின் பாரம் உட்காரும் இடத்தில் நின்றது. உறையின் மேல் ஒரு கயிற்றைச் சுற்றி, இழுத்து இழுத்து ரெசினைக் கீழே தள்ளினேன். நகரவில்லை. இறுக்கமாக நெய்த காபன் இரண்டும் பம்பியின் இழுவையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. மேலே அதைவிட நெருக்கமான சீலை இரண்டு சுற்று. பின்னலின் தளர்ந்த கண்கள்தான் ரெசின் ஓடும் வாய்க்கால் என்பது அப்போதுதான் உறைத்தது. வாய்க்காலை நானே தூர்த்திருந்தேன்.

அக்கா வாசல் கதிரையில் இருந்தார்.

"முடிஞ்சுதே?"

"இல்லை, அக்கா."

"என்ன, சத்தத்தைக் காணேல்லை? எந்த நேரமும் கேள்வி கேட்டு எழுதுறவர்."

"கையை எடுக்க ஏலாது, அக்கா."

"எனக்குக் கால், உங்களுக்குக் கை. நல்ல சோடிதான்."

கயிற்றை விட்டு நகர முடியவில்லை, பிடித்திருந்தும் பயனில்லை. உறை சூடேறத் தொடங்கியது. ரெசின் நின்ற இடத்திலேயே இறுகியது.

உள்ளேயிருந்த பிளாஸ்ரரை உடைத்து எடுத்தேன். மேற்பாதியில் பூக்கள் மினுங்கின. கீழே துணி வெளிறிக் காய்ந்திருந்தது, அழுத்தினால் நொறுநொறுத்தது. வெளியே ஒரு பூச்சுப் பூசினால் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கே நடந்து போயிருப்பார். ஒரு மாதம் தாங்கும், பிறகு இன்னொரு வரம்பில் வெடிக்கும்.

கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் அழுத்திப் பார்த்தார்.

"சீலையின்ர பிழையோ?"

"என்ர பிழை, அக்கா. பாரத்தைக் குறைக்கிறன் எண்டு எடுக்கக் கூடாததை எடுத்திட்டன். உருவமும் உடைஞ்சிட்டுது. திரும்ப அச்செடுத்துக் காய வைக்க எட்டு நாள் வேணும்."

அக்கா ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாவாடையை மடித்தார். "இப்பவே எடுங்கோ. வீட்ட போனா ஆர் என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வாறது?"

பிளாஸ்ரர்த் துணியைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றத் தொடங்கினேன். பையிலிருந்து மிச்சச் சீலையை எடுத்தார்.

"இது ஒரு சுற்றுக்குத்தான் வரும்."

"ஒரு சுற்றுப் போதும், அக்கா. ஆனால் கறுப்புத் தெரியும். எடுத்த பின்னலைத் திரும்பப் போடுறதால பாரமும் கொஞ்சம் கூடும்."

"சரி, தெரியட்டும்."

"இது இறுகுமட்டும் அசையாதேங்கோ."

"நான் எங்க, தம்பி, போறது?" என்றார்.