ஹால் விளக்கு எரியும்வரை

ரெஜினா ஸாவட்ஸ்கியிடம் போய் எந்தப் பாட்டுக்குழுவின் பேரையும் எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் உங்கள் சாயங்காலம் போச்சு. டெட்ராய்ட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். வலது காது மந்தம். "ஸ்பீக்கருக்கு நேரா நின்னு சம்பாதிச்ச காதாக்கும்" என்று அதையும் பெருமையாகத் தட்டிக் காட்டுவாள். எழுபதுகளில் அந்த ஊர் அரங்கத்துக்கு வந்த பெரிய குழு ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லை. ஆனால் முதல் கச்சேரியில் கோட்டை விட்டாள். அதையும் அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

அப்போது பதினாறு வயது. அப்பா காசிமிர் கார் தொழிற்சாலையில் கதவு மாட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் அக்கார்டியன் கேட்டால் போதும், வேறு சங்கீதம் அவருக்கு வேண்டியதில்லை. அந்த மனுஷனிடம் குளிர்காலம் பூராவும் கெஞ்சினாள். வீட்டு வாசல் பனியெல்லாம் அவளே வாரினாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு தலையாட்டினார்.

"முடிஞ்ச உடனே வெளிய வந்துடணும். நான் வண்டியில இருப்பேன். என்னை உள்ள வர வெச்சே, அதோட சரி. அப்புறம் கச்சேரிங்கிற பேச்சே இந்த வீட்டுல கூடாது."

"சத்தியமா வந்துடறேன்ப்பா!"

'நார்த் ஃபர்னஸ்' குழுவின் கச்சேரி அது. மேடைக்கு முன்னால் நாற்காலியும் கிடையாது, டிக்கெட்டில் இட எண்ணும் கிடையாது. கதவு திறந்ததும் யார் முந்தி ஓடுகிறார்களோ அவர்களுக்குத்தான் மேடையை ஒட்டிய கம்பித்தடுப்பு. மத்தியானத்திலிருந்து குளிரில் விறைத்துக் கிடந்த ரெஜினா, இரண்டு பையன்களை முழங்கையால் தள்ளிவிட்டுக் கம்பியைப் பிடித்துவிட்டாள். அடேயப்பா, அந்தச் சத்தம்! நெஞ்செலும்பு அதிர்ந்தது. எல்லாப் பாட்டும் வந்தது. அவள் எதற்காக உயிரை விட்டாளோ, மெதுவாகத் தொடங்கி நீளமாகப் போகும் அந்தப் பாட்டு மட்டும் வரவில்லை. குழுவினர் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மேடை இருட்டாகிவிட்டது.

முடிந்துவிட்டது என்று நினைத்தாள். கொடுத்த வாக்கு இருக்கிறதே! கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே ஓடினாள். காரின் கதவில் கை வைத்த நேரம், அரங்கத்துக்குள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு கூச்சல். அதன் பின்னாலேயே அந்தப் பாட்டின் கிடார்.

"அதென்ன சத்தம்?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல" என்றவள் வீடு வரை அழுதாள். வயிறெரிந்து அழுதாள்.

மறுநாள் காலை, கச்சேரி பார்த்தவர்கள் எல்லோரும் அங்கே வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் வருவார்கள். ரெஜினாவும் போட்டுப் போனாள். தோழி மார்சி விஷயத்தைக் கேட்டுத் தலையிலடித்துக்கொண்டாள்.

"லூசாடி நீ? ஹால் விளக்கைப் போட்டாத்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம். அவங்க சும்மா போற மாதிரி போவாங்க. நாம கத்தணும், லைட்டரைக் கொளுத்தித் தூக்கிப் பிடிக்கணும், அப்பத்தான் திரும்பி வருவாங்க. நல்ல பாட்டை அதுக்குன்னுதான் வெச்சிருப்பாங்க!"

அந்த வருஷம் முழுக்க 'சீக்கிரம் போன ரெஜி' என்றுதான் அவளுக்குப் பேர்.

அடுத்த வருஷம் அதே குழு மறுபடி வந்தது. ரெஜினா அப்பாவிடம் விஷயத்தை விளக்கிப் பார்த்தாள். அவருக்கு ஏறவே இல்லை.

"வேலை முடிஞ்சா மனுஷன் வீட்டுக்குப் போகணும். கூப்பிடட்டும், அப்புறம் வர்றேன்னு மறைவுல நிக்கிறவன் என்ன ஆளு? போனதையே பேசாதே. முடிஞ்சதும் வெளிய வா."

இந்த முறையும் அவளுக்குக் கம்பி கிடைத்தது. பாட்டுகள் வந்தன. குழு போனது. மேடை இருண்டது. கால்கள் அவளை வாசலுக்கு இழுத்தன. போனால் பாட்டு போச்சு. நின்றால் இனிமேல் கச்சேரியே போச்சு. "போனே, கொன்னுடுவேன்" என்றாள் பக்கத்தில் நின்ற மார்சி. ரெஜினா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே, கார் நெரிசலுக்குப் பயந்த சிலர் முன்கூட்டியே கிளம்பி வருவதைக் காசிமிர் பார்த்தார். மகளைக் காணோம். காதுமூடித் தொப்பியோடு விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார். உள்ளே கும்மிருட்டு. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் லைட்டரைத் தூக்கிப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவரும் பட்டாளத்துக் காலத்து இரும்பு லைட்டரைக் கொளுத்தி, தலைக்கு மேலே தூக்கி, ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்தார்.

"அப்படிப் போடு தாத்தா!" என்று ஒருவன் அவர் முதுகில் தட்டினான்.

திரும்பிப் பார்த்த ரெஜினாவுக்கு உயிரே போய்விட்டது. இரண்டு வரிசைக்குப் பின்னால் அப்பா. கண்ணும் கண்ணும் சந்தித்துவிட்டன. சரி, தொலைந்தது. அந்த நிமிஷம் மேடையில் வெளிச்சம் விழுந்தது, பாட்டு தொடங்கியது. இனி எப்படியும் திட்டு நிச்சயம், இதையாவது விடுவானேன் என்று அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொண்டை கிழியப் பாடினாள். கடைசி வரைக்கும் திரும்பியே பார்க்கவில்லை.

ஹால் விளக்கு எரிந்தபோது லைட்டர் அவர் பையில் இருந்தது. காரில் அவர் நாலு விரலால் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுப்படி வெளிச்சத்தில் அம்மா ஐரீன்தான் பார்த்தாள். "ஐயோ காசிமிர், என்ன இது? கட்டைவிரல் இப்படிக் கொப்பளிச்சிருக்கு!"

"லைட்டர் சூடாயிடுச்சு."

"சிகரெட் பத்த வெக்கவா இவ்வளவு நேரம் பிடிச்சே?"

"உன் பொண்ணைத் தேடினேன்" என்றார் காசிமிர்.

அம்மா வெண்ணெயை எடுத்துத் தடவினாள். ரெஜினா அந்த விரலையே பார்த்தாள். பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே அப்பா தன்னைக் கண்டுபிடித்துவிட்டாரே! அதற்கப்புறமும் விரல் கொப்பளிக்கும்வரை லைட்டரைப் பிடித்துக்கொண்டு எதைத் தேடினார்? கேட்கலாமென்று வாயைத் திறந்தாள்.

அவர் முந்திக்கொண்டார். "அடுத்த தடவை டிக்கெட் எடுக்கிறப்ப எனக்கும் சேர்த்து எடு. வண்டியில உக்காந்தா குளிருது."