எண்ணெய் பாட்டிலை மூடியது யார்?

போன மாதம் சென்னையில் ஒரு விசா அலுவலகம். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அதிகாரி அம்மாள் என் கல்யாண ஆல்பத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதில் உங்கள் மனைவி எங்கே?"

நியாயமான கேள்விதான். எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

முன்கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயது வரை நான் பிரம்மச்சாரி. எங்கள் திருப்பூர்ப் பக்கம் அது ஒன்றும் அதிசயமில்லை. தோட்டம் இருக்கும், கார் இருக்கும், சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருக்கும்... பெண் மட்டும் கிடைக்காது. வந்து போன தரகர்களுக்குக் காபி போட்டே எங்கள் மாடு வற்றிப் போனது. கடைசியில் சேவூரிலிருந்து பூங்கொடி அமைந்தாள். ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் குவாலிட்டி மேனேஜர். மலைபோல் குவிந்த டி-ஷர்ட்டில் ஒரே ஒரு நூல் பிரிந்திருந்தாலும் கண்டுபிடித்துத் தூக்கிக் கடாசுகிறவள். அவள் எப்படி என்னைப் பாஸ் பண்ணினாள்? ஊரே யோசித்துவிட்டுக் கைவிட்ட கேள்வி அது.

கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவள் கம்பெனியில் சரக்கு வாங்கும் ஜெர்மன் கம்பெனியே அவளை அங்கே வேலைக்குக் கூப்பிட்டது. "போகட்டுமுங்களா?" என்றாள். "போ கண்ணு, பின்னாலயே வந்துர்றேன்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன். குடும்பத்தை ஒன்றுசேர்த்து வைக்க அங்கே சட்டமே இருக்கிறதாம். நிஜமான கணவன் மனைவி என்று நிரூபித்தால் போதுமாம்.

நிரூபித்தால்!

அந்த அதிகாரியின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். நடுத்தர வயசு ஆசாமி. திடீர்க் கல்யாணம். உடனே வெளிநாடு. எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டால்? அத்தனை வருஷம் தனியாகச் சாப்பிட்டவன்தான் நான். ஆனால் எதிரில் ஒருத்தி உட்கார்ந்து, "உப்பு தூக்கலா இருக்குதுங்களா?" என்று கேட்டுப் பழகிய பிறகு, மறுபடி தனித் தட்டு... சரி விடுங்கள், இது சிரிப்புப் பத்தி.

பீதியைக் கிளப்பியவர் ரபீக் பாய். என் கம்பெனிக்கு நூலும் பட்டனும் சப்ளை செய்கிறவர்.

"விசா ஆபீசுல போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் பார்ப்பாங்களாமுங்ணா. எங்க, உங்க சாட்டைக் காட்டுங்க பார்க்கலாம்."

காட்டினேன்.

'பாட்டம் ஹெம் வளையுது. பிரிச்சுத் தையுங்க.'

'சரி.'

'கழுத்து ரிப் லூசு.'

'சரி.'

'ரெண்டாவது லாட் ஷேடு சேரலை. ரிஜெக்ட்.'

'சரி.'

என் கம்பெனியில் தைத்த பீஸை நான் போட்டோ எடுத்து அனுப்புவேன். அவள் அங்கிருந்தபடியே குறை கண்டுபிடிப்பாள். எங்களுக்குள் கொஞ்சல் என்றால் அதுதான்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்ணா, இது சம்சாரத்துகிட்டப் பேசறதா, பையர்கிட்டப் பேசறதா? ஆசையா நாலு வார்த்தை எழுதுங்க. இன்னும் நாள் இருக்குது."

கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். 'என் அன்பே! நீ இல்லாமல் இந்த வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.' அனுப்பிவிட்டு வெட்கத்தில் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

உடனே பதில்.

'யாருங்க நீங்க? இது என்ற ஊட்டுக்காரர் போனு. எங்க கெடந்து எடுத்தீங்க? மரியாதையா நெருப்பெரிச்சல் ஊர்ல இருக்கற அவங்க கம்பெனில கொண்டுபோய்க் குடுத்துருங்க.'

'நான்தான் கண்ணே' என்று எழுதினேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. அடுத்த பத்து நிமிஷத்தில் என் தங்கை சரசு, மாப்பிள்ளையையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். "ஏண்ணா, போனைத் திருட்டுக் குடுத்துட்டயாமா? அண்ணி அழுகறாங்க!"

அந்த மெசேஜ்களை அழித்துவிடலாம் என்றால் பாய் விடவில்லை. "அழிச்சா இன்னும் சந்தேகம் வருமுங்ணா." ஆக, திருடனை மிரட்டிய உரையாடலும் சேர்த்தே பிரிண்ட் ஆகிச் சென்னைக்கு வந்தது.

அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பதற்றம் வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் நகம் கடிப்பார்கள். திருப்பூர்க்காரன் முன்னால் இருப்பவனின் டி-ஷர்ட் தையலைப் பார்ப்பான். எனக்கு முன்னால் இருந்த பையனுக்குத் தோள்பட்டைத் தையல் கோணல். அவன் விசா வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனான். கோணல் தையலுக்கே பாஸ் போடுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

உள்ளே போனதும்தான் அந்தக் கேள்வி. மனைவி எங்கே?

நான் என்ன செய்வேன்? தாலி கட்டும் போட்டோவில் தெரிவது என் தாய்மாமாவின் முதுகு. நல்ல அகலமான முதுகு. மற்றப் போட்டோக்களில் சொந்தபந்தம் நூறு தலை. பளிச்சென்று முழுப் பக்கத்துக்கு விழுந்திருந்தது ஒன்றே ஒன்று. மணவறையில் நான். பக்கத்தில் பட்டும் நகையுமாக ஒரு பெண். இரண்டு பேர் கையிலும் கூறைச்சேலையின் இரண்டு முனைகள்.

"இவர்தானே மனைவி?" என்றார் அதிகாரி, நிம்மதியாக.

"இல்லீங்க, அது என்ற தங்கச்சிங்க."

அவர் இங்கிலீஷில் கேட்பதைத் தமிழில் சொல்ல ஒரு பெண் இருந்தார். திருநெல்வேலிக்காரர். அவர் மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தார்.

"சார், மறுபடி ஒருக்கா சொல்லுங்க. தங்கச்சியா?"

"ஆமாங்க. இணைச்சீருங்க. எங்க பக்கம் தாலி கட்டறதுக்கு முன்னால கூடப் பொறந்தவளை மாப்பிள்ளை பக்கத்துல வெச்சுச் சீர் செய்வாங்க. நாளைக்குக் கல்யாணமானதும் அண்ணன் தங்கச்சியை மறந்துரக் கூடாதுங்கல்லோ, அதுக்கு."

"எங்க ஊர்ல நாத்தனார் மூணாவது முடிச்சுத்தான் போடுவா. இப்படில்லாம் கெடயாதே!"

தமிழச்சியே நம்பவில்லை. ஜெர்மன்காரி நம்புவாரா? அண்ணனுக்கு ஒருவழியாகக் கல்யாணம் என்ற குஷியில் சரசு வீட்டிலிருந்த நகை அத்தனையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூட்டத்துக்குள் நான் விரல் வைத்துக் காட்டிய பூங்கொடியோ மெல்லிசாக ஒரு சங்கிலி. அந்த அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரே நாளில் இரண்டு பேரா?" என்றார்.

 ஒன்றே கிடைக்காமல் நாற்பத்தாறு வயசு வரை காத்திருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

அடுத்து வாட்ஸ்அப். திருநெல்வேலிப் பெண் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். 'பிரிச்சுத் தையுங்க'வுக்கு அதிகாரி முகத்தில் சலனமில்லை. 'யாருங்க நீங்க?' வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன்.

"கடைசியாக நீங்கள் இருவரும் எதற்குச் சண்டை போட்டீர்கள்?"

'நாங்கள் சண்டையே போட்டதில்லை' என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் இருந்தது. ஆனால் சண்டை என்ற வார்த்தையைக் கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எண்ணெய்க்குத்தானுங்க! அவ ஜெர்மனிக்குப் போறப்ப பெட்டியில காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் வெச்சாள். கூடவே புது ஆபீசுல காட்டறதுக்கு வெள்ளை டி-ஷர்ட் சாம்பிளு. மூடி மேல டேப் சுத்துன்னு சொன்னனுங்க. 'குவாலிட்டிக்காரிக்கே சொல்லித் தர்றீங்களா?'ன்னாள். அங்க போய்ப் பெட்டியத் தெறந்தா... எல்லாச் சட்டையும் ஊறிக் கெடக்குது! ஆயுசு முச்சூடும் எண்ணெய்க் கறை இருக்குதுன்னு அடுத்தவங்க பீஸைத் தூக்கிப் போட்டவ, மொத நாளே எண்ணெய்க் கறையோட போய் நின்னாள். பழி எம்மேல! இன்னைக்கு வரைக்கும் எம்மேல!"

மூச்சு வாங்கியது. அதிகாரி ஒரு தாளை எடுத்து மெதுவாகப் படித்தார். பூங்கொடியையும் ஜெர்மனியில் கூப்பிட்டு இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்களாம்.

"பெட்டி, எண்ணெய், வெள்ளைச் சட்டை எல்லாம் பொருந்துகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் வித்தியாசம். அவர் இறுக்கித்தான் மூடினாராம். நீங்கள் தலைக்குத் தேய்க்க மறுபடி திறந்து, சரியாக மூடவில்லையாம்."

"பொய்யுங்க!" எழுந்தே விட்டேன். பளபளவென்று இருக்கும் என் மண்டையை மேஜைக்கு மேல் குனிந்து காட்டினேன். "நீங்களே பாருங்க. தேய்க்கறதுக்கு இங்க முடி எங்கீங்க இருக்குது?"

திருநெல்வேலிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அதிகாரி அம்மாள் ஆல்பத்தை மூடி, வாட்ஸ்அப் தாள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, முதல் முறையாகச் சிரித்தார்.

"போதும். நீங்கள் கல்யாணமானவர்தான்."

யோசித்துப் பாருங்கள். போட்டோவுக்குப் போஸ் கொடுத்துவிடலாம். 'அன்பே'யை அரை மணி நேரத்தில் தயார் செய்துவிடலாம். ஆனால் கடல் தாண்டியும் ஆறாத ஒரு சண்டை, அதில் இரண்டு பேரும் ஒரு இம்மி விட்டுக்கொடுக்காத நேர்மை... இதை எந்தத் தரகரால் ஏற்பாடு செய்ய முடியும்?

விசா வந்துவிட்டது. பூங்கொடிக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னாள்:

"வரும்போது தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் எடுத்துட்டு வாங்க. இந்தத் தடவையாவது ஒழுங்கா மூடுங்க."

'இந்தத் தடவையாவது'! கவனித்தீர்களா?

நாளைக்கு விமானம். மூடியை நானே இறுக்கினேன். டேப் சுற்றினேன். அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் இன்னொரு கவர்.

பெட்டியில் வைத்திருப்பதெல்லாம் கறுப்புச் சட்டைதான். எதற்கும் இருக்கட்டும்.